பஹாய் சபையாரும் அவர்களுடைய விமர்சகர்களும்: தென்காசித் தம்பிக்கு ஒரு பதில்

தென்காசியிலிருந்து எழுதியிருக்கும் தம்பியின் கேள்வியை முதலில் சுருக்கித் தந்துவிடுகிறேன். அவருடைய அத்தை குடும்பம் இரண்டு தலைமுறையாக மலேசியாவில் இருக்கிறது. அவர்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஈரானில் தோன்றிய பஹாய் சமயத்தைச் சேர்ந்தவர்கள். அந்தச் சமயத்தின் நிர்வாகத்தைச் சாடி இணையத்தில் வந்த ஒரு நீண்ட கட்டுரையைத் தம்பி அத்தைக்கு அனுப்பியிருக்கிறார். "அதை நான் திறக்கமாட்டேன், நீயும் படிக்காதே, எழுதியவர் ஒப்பந்தத்தை மீறியவர்" என்று அத்தை பதில் போட்டிருக்கிறார். அதன்பிறகு தம்பி தேடித் தேடிப் படித்திருக்கிறார். ஒரு தரப்பு விமர்சகர்களை நஞ்சு என்கிறது. மறுதரப்பு பஹாய்களைச் சொந்தமாகச் சிந்திக்கத் தெரியாத கூட்டம் என்கிறது. "இதில் யார் சொல்வது உண்மை? என் அத்தை எதற்காகப் பயப்படுகிறார்?" என்பது கேள்வி.

நான் பஹாய் அல்லன். பாளையங்கோட்டையில் கல்லூரி ஒன்றில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன். பினாங்கிலிருந்து ஊர் திரும்பி எங்கள் தெருவில் குடியேறிய பஹாய் நண்பர் ஒருவரோடு இருபது ஆண்டுகளாகப் பழகி வருகிறேன். அவர் வழியாக அவர்களுடைய நூல்களையும், என் ஆர்வத்தால் அவர்களை விட்டு விலகியவர்கள் எழுதியவற்றையும் படித்திருக்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தச் சண்டைகளில் கடவுளைப் பற்றியோ தொழுகையைப் பற்றியோ பெரிய கருத்து வேறுபாடு இருக்காது. நிறுவனருக்குப் பிறகு அதிகாரம் யார் கைக்கு வந்தது, அந்த அதிகாரத்தைக் குறை சொல்ல விரும்பும் உறுப்பினர் எந்த இடத்தில் நின்று சொல்லலாம் என்ற இரண்டு கேள்விகளில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டால், இருட்டில் கூச்சல் கேட்பதுபோல் இப்போது தோன்றுவது ஓரளவு தெளிந்துவிடும்.

முதல் கேள்விக்கு வரலாறு வேண்டும். 1844இல் ஈரானின் ஷிராஸ் நகரில் பாப் என்று அழைக்கப்படும் சையது அலி முகம்மது தம்மை இறைவனின் தூதராக அறிவித்தார். 1850இல் தப்ரீஸில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரைப் பின்பற்றியவர்களில் ஒருவரான பஹாவுல்லா 1863இல் பாக்தாதில், பாப் முன்னறிவித்தவர் தாமே என்று அறிவித்தார். நாடுகடத்தி நாடுகடத்தி, கடைசியில் 1868இல் உதுமானிய அரசு அவரை இன்றைய இஸ்ரேலில் உள்ள அக்கோ என்ற கோட்டை நகரத்தில் கொண்டுபோய்ச் சிறை வைத்தது. அந்நகருக்கு அருகிலேயே, 1892இல் அவர் மறைந்தார். அவர் வாழ்ந்தபோதே அவருடைய மாற்றாந்தாய்க்குப் பிறந்த தம்பி மிர்ஸா யஹ்யா எதிர்த்து நின்றார். அவர் மறைந்தபின், உயிலில் வாரிசாகக் குறிப்பிடப்பட்ட மூத்த மகன் அப்துல்-பஹாவை அவருடைய மாற்றாந்தாய் மகன் முகம்மது அலி எதிர்த்தார். 1921இல் ஹைஃபாவில் அப்துல்-பஹா மறைந்தபோது, ஆக்ஸ்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்த இருபத்து நான்கு வயதுப் பேரன் ஷோகி எஃபெண்டியைக் 'காவலர்' என்ற தலைமைப் பதவிக்கு நியமித்த உயில் வெளிவந்தது. அந்த உயிலே போலி என்று ரூத் ஒயிட் என்ற அமெரிக்கப் பெண்மணி பல ஆண்டுகள் வாதாடினார். ஒவ்வொரு தலைமுறையிலும் எதிர்ப்பு வீட்டுக்குள்ளிருந்தும் நெருங்கிய வட்டத்திலிருந்தும்தான் கிளம்பியிருக்கிறது. அதனால்தான் நிறுவனர் எழுத்து மூலம் நியமித்த வாரிசுச் சங்கிலிக்குக் கட்டுப்படுவதை அவர்கள் திருவொப்பந்தம் என்று பெயரிட்டு, தொழுகைக்கு நிகரான கடமையாக வைத்திருக்கிறார்கள். உங்கள் அத்தை எழுதிய 'ஒப்பந்தம்' இதுதான்.

இனி 1957. அந்த ஆண்டு நவம்பர் 4ஆம் தேதி ஷோகி எஃபெண்டி லண்டனில் திடீரென இறந்தார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை, உயிலும் கிடைக்கவில்லை. காவலர் பதவி பரம்பரையாகத் தொடரும் என்றும், உலக நீதி மன்றம் என்ற தேர்ந்தெடுக்கப்பட்ட சபைக்குக் காவலரே ஆயுள்காலத் தலைவர் என்றும் அப்துல்-பஹாவின் உயில் சொல்லியிருந்தது. ஆக, ஒரு கால் ஒடிந்துவிட்டது. ஷோகி எஃபெண்டி நியமித்திருந்த, 'சமயத் திருக்கரங்கள்' எனப்பட்ட மூத்த தொண்டர்கள் இருபத்தேழு பேர், வாரிசு யாரும் இல்லை என்று ஒருமனதாக அறிவித்து, இடைக்காலத்தில் பொறுப்பை ஏற்றார்கள். அந்த அறிவிப்பில் கையெழுத்திட்டவர்களில் ஒருவரான மேசன் ரீமி என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர் 1960இல், தாமே இரண்டாவது காவலர் என்று அறிவித்துக்கொண்டார். அவர் வெளியேற்றப்பட்டார். 1963 ஏப்ரலில் ஐம்பத்தாறு தேசிய ஆன்மிக சபைகளின் உறுப்பினர்கள் வாக்களித்து, ஒன்பது பேர் கொண்ட உலக நீதி மன்றம் ஹைஃபாவில் அமைந்தது. அதே ஆண்டு அக்டோபர் 6ஆம் தேதி அந்த மன்றம் எழுதிய கடிதம், இன்னொரு காவலரை நியமிக்கவோ நியமிக்க வழிசெய்யும் சட்டம் இயற்றவோ இடமில்லை என்று முடிவு சொன்னது.

தம்பி அனுப்பியிருந்த கட்டுரையின் மூன்றாம் பத்தி இந்த இடத்தைத்தான் தாக்குகிறது. உயில் எழுதுவது ஒவ்வொருவர் மீதும் கடமை என்று பஹாவுல்லாவின் சட்ட நூலான கிதாப்-இ-அக்தஸ் சொல்லியிருக்க, காவலரே உயில் இல்லாமல் இறந்தது எப்படி என்று அது கேட்கிறது. நியாயமான கேள்வி. அதற்குக் கீழே ஒரு நம்பிக்கையாளர் எழுதியிருக்கும் பதில், "இதெல்லாம் பழைய பல்லவி, நூறு தடவை பதில் சொல்லியாகிவிட்டது" என்பதோடு நின்றுவிட்டது. இது எனக்கு வருத்தமாக இருந்தது, ஏனென்றால் அவருக்குச் சொல்வதற்கு வலுவான பதில் இருக்கிறது. அதே நூலில், அறக்கொடைகளை நிர்வகிக்கும் உரிமை முதலில் பஹாவுல்லாவின் குடும்பக் கிளையினருக்கும், அவர்களுக்குப் பின் நீதி மன்றத்துக்கும், அது அமையாதிருந்தால் குறிப்பிட்ட சில நம்பிக்கையாளர்களுக்கும் போகும் என்று ஒரு வசனம் இருக்கிறது. குடும்ப வழி அற்றுப்போய், நீதி மன்றம் இன்னும் அமையாத ஒரு இடைவெளி வரக்கூடும் என்பதை நிறுவனரே எதிர்பார்த்திருக்கிறார் என்று பஹாய் அறிஞர்கள் இதைக் காட்டி வாதிடுகிறார்கள். 1957 முதல் 1963 வரை நடந்தது அச்சாக அதுதான். இந்த வாதம் விமர்சகரின் கேள்வியை முழுவதும் தீர்த்துவிடுகிறதா என்றால், இல்லை என்பேன். உயில் ஏன் எழுதப்படவில்லை என்பதற்கு அது பதில் ஆகாது. ஆனால் தலையில்லாத முண்டம் என்று மன்றத்தை ஏசுபவர்கள் இந்த வசனத்தை எதிர்கொள்ளாமல் தாண்டிப் போக முடியாது. ஒருவர் கேள்வியை மதிக்கவில்லை, மற்றவர் பதிலைத் தேடவில்லை. தம்பி பார்த்த சண்டையின் பெரும்பகுதி இப்படித்தான் ஓடுகிறது.

இரண்டாவது கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதை விளக்குவதற்கு அவர்களுடைய தேர்தலைக் கொஞ்சம் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். நம் பக்கத்தில் கிறிஸ்தவத் திருமண்டலத் தேர்தல் வந்தால் என்ன நடக்கும் என்பது ஊரறிந்த விஷயம்: அணிகள், நோட்டீசுகள், வாகனங்கள், முடிவு பிடிக்காதபோது நீதிமன்றம். என் நண்பர் ஒருநாள் தம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு துண்டுக் காகிதத்தை என் கையில் கொடுத்தார். ஒன்று முதல் ஒன்பது வரை எண்ணிட்ட ஒன்பது கோடுகள். வேறு ஒரு எழுத்தும் இல்லை. வேட்பாளர் பட்டியல் எங்கே என்று கேட்டேன். "வேட்பாளர் என்று யாரும் கிடையாது சார். வயது வந்த எல்லாரும்தான். தொழுதுவிட்டு, மனசில் படுகிற ஒன்பது பேரை எழுதுகிறோம். யாருக்கு எழுதினேன் என்று வீட்டுக்காரியிடம்கூடச் சொன்னதில்லை" என்றார். ஆண்டுதோறும் ஏப்ரல் 20 அல்லது 21இல் தொடங்கும் ரித்வான் திருநாட்களில் உள்ளூர் சபைத் தேர்தல் இப்படி நடக்கிறது. தேசிய சபைக்கும், ஐந்தாண்டுக்கு ஒருமுறை உலக நீதி மன்றத்துக்கும் இதே முறைதான். வாக்குக் கேட்பது, ஒருவர் பெயரை இன்னொருவரிடம் சொல்லி வைப்பது எல்லாமே குற்றம்.

நான் அந்தக் காகிதத்தைப் பார்த்தபோது உண்மையிலேயே நெகிழ்ந்துபோனேன். ஆனால் திண்ணையை விட்டு இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது வேறொன்று தோன்றியது. யாரும் போட்டியிடக் கூடாது என்றால், இப்போதிருப்பவர்களின் செயல் சரியில்லை என்று வெளியில் சொல்வதும் ஒருவகைப் பிரசாரமாகத்தானே பார்க்கப்படும்? அப்படித்தான் பார்க்கப்படுகிறது. குறை இருந்தால் சொல்வதற்கு அவர்களிடம் வழிகள் உண்டு. அவர்களுடைய நாட்காட்டியின் ஒவ்வொரு மாதத் தொடக்கத்திலும், அதாவது பத்தொன்பது நாட்களுக்கு ஒருமுறை, கூடும் விருந்தில் கலந்தாலோசனைக்கு என்று ஒரு பகுதி இருக்கிறது; அங்கே எழுந்து பேசலாம், தீர்மானம் தரலாம். உள்ளூர் சபைக்கு எழுதலாம், தேசிய சபைக்கு மேல்முறையீடு செய்யலாம், ஹைஃபாவுக்கும் எழுதலாம். ஆனால் முடிவு எடுக்கப்பட்ட பிறகு, எதிர்த்து வாதிட்டவரும் அதை முழு மனதோடு நிறைவேற்ற வேண்டும். தவறான முடிவாகவே இருந்தாலும் ஒற்றுமை குலையாமலிருந்தால் தவறு தானே வெளிப்பட்டுத் திருந்திவிடும் என்பது அவர்கள் கொள்கை. கடிதம் மேலே போகும், பதில் கீழே வரும். பக்கத்து ஊர் உறுப்பினருக்கு அந்தக் கடிதத்தில் என்ன இருந்தது என்று தெரியாது. இந்த ஏற்பாடு கடித உறையும் கூட்ட அறையும் இருந்த காலத்துக்கு ஏற்றதாக இருந்தது. இணையம் வந்ததும், ஒரே குறை இருக்கும் பத்து நாட்டு உறுப்பினர்கள் ஒருவரையொருவர் ஒரே இரவில் கண்டுகொண்டார்கள். அவர்கள் அதைக் கலந்தாலோசனை என்று நினைத்தார்கள். நிர்வாகத்தின் கண்ணுக்கு அது கட்சி கட்டுவதாகத் தெரிந்தது. 1990களின் நடுவில் அமெரிக்காவில் வெடித்தது இதுதான். பஹாய் வரலாற்றை ஆழமாக ஆராய்ந்த மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹுவான் கோல் 1996இல் சமயத்தை விட்டு விலகினார். 1998இல் அமெரிக்க பஹாய் சமூகத்தின் கண்காணிப்பு முறைகளைப் பற்றி ஆய்விதழ் ஒன்றில் கடுமையாக எழுதினார். மறு ஆண்டு ஏப்ரல் 7ஆம் தேதி உலக நீதி மன்றம், சமய ஆய்வு என்ற பெயரில் நிர்வாகத்தின் தெய்வீக அடிப்படையைக் கரைக்கும் முயற்சி நடக்கிறது என்று எச்சரித்துக் கடிதம் எழுதியது. இன்று நீங்கள் படிக்கும் வாதங்கள், வசைகள், இரு தரப்பின் ஆயத்த வாக்கியங்கள் எல்லாம் பெரும்பாலும் அந்த ஐந்தாறு ஆண்டுகளில் உருவானவை.

நம் ஊர் வரலாறு தெரிந்தவர்களுக்கு இது முன்பே பார்த்த கதை. பாளையங்கோட்டையில் ஊசிக்கோபுரம் என்று நாம் சொல்லும் தூய திரித்துவப் பேராலயத்தை 1826இல் எழுப்பிய இரேனியஸ் ஐயரை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மானியரான அவர் 1820இல் இந்தப் பக்கம் வந்து, நூற்றுக்கணக்கான ஊர்களில் சபைகளையும் பள்ளிகளையும் நிறுவினார். ஆங்கிலத் திருச்சபையின் வழிபாட்டு முறையையும் ஆட்சி முறையையும் பற்றி வந்த ஒரு நூலுக்கு மதிப்புரை எழுதி அச்சிட்டு வெளியிட்டார். அதில் அந்தச் சபையின் ஏற்பாடுகளையே குறை கூறினார். சொன்னவை புதிதல்ல, கடிதத்தில் எழுதியிருந்தால் மேலிடம் பொறுத்திருக்கும். அச்சில் வந்ததால், அவரை அனுப்பிய சி.எம்.எஸ். என்ற ஆங்கிலத் திருச்சபை மிஷன் சங்கம் 1835இல் அவரை நீக்கியது. ஆற்காட்டுக்குப் போனவரை இங்கிருந்த உபதேசியார்கள் திரும்ப அழைத்தார்கள். அவர் வந்ததும் சபை இரண்டாகப் பிளந்தது, ஊருக்கு ஊர் இரு தரப்பு உபதேசியார்கள் நின்றார்கள். 1838இல் இரேனியஸ் இறந்து இங்கேயே அடக்கமானார். அவரோடு போனவர்களில் பெரும்பாலோர் திரும்பிச் சேர்ந்துகொண்டார்கள். அவர் நல்லவரா சங்கம் நல்லதா என்று மாணவர்கள் என்னிடம் கேட்பார்கள். சங்கத்தின் சம்பளத்தில் இருந்துகொண்டு அதன் அடிப்படையை அச்சில் மறுப்பதை எந்தச் சங்கமும் பொறுக்காது என்பதும் உண்மை, அவர் சுட்டிய குறைகளில் பல நியாயமானவை என்பதும் உண்மை என்று சொல்லிவந்திருக்கிறேன். பஹாய் விஷயத்திலும் என் நிலை ஏறக்குறைய அதுவே. ஒரு வேறுபாடு உண்டு: இரேனியஸை நீக்கியவர்கள், தங்கள் முடிவு பிழையற்றது என்று சொல்லவில்லை. உலக நீதி மன்றம் தன் வரம்புக்குள் தவறிழைக்காதபடி இறைவனால் காக்கப்படுகிறது என்பது பஹாய் நம்பிக்கை. அதனால் அதை விமர்சிப்பவர், தாம் ஒரு முடிவை மட்டுமே விமர்சிப்பதாக நினைத்தாலும், கேட்பவர் காதில் அது கொள்கை மறுப்பாக விழுந்துவிடுகிறது.

விமர்சகர்கள் எல்லோரையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டுவதுதான் நம்பிக்கையாளர் தரப்பின் பெரிய பிழை என்று நான் கருதுகிறேன். அந்தச் சாக்கில் உண்மையில் யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். ரீமியின் வழி வந்த சிறு குழுக்கள் இருக்கின்றன. அவர்கள் பஹாவுல்லாவை நம்புகிறார்கள், மன்றத்தை மறுக்கிறார்கள். பஹாய் என்ற பெயரையே அவர்கள் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்க தேசிய சபை நீதிமன்றம் போய், 1966இல் பெற்ற தடையாணையை நாற்பது ஆண்டு கழித்து நிறைவேற்றக் கேட்டது. 2010இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், முன்பு வழக்கில் இருந்த குழுவோடு தொடர்பு நிறுவப்படாதவர்களை அந்த ஆணை கட்டுப்படுத்தாது என்று சொல்லிவிட்டது. அடுத்து, சமயத்தை விட்டுத் தாமாக விலகியவர்கள். அடுத்து, விலக விரும்பாமலே மன்றத்தால் உறுப்பினர் பட்டியலிலிருந்து பெயர் நீக்கப்பட்டவர்கள். சமயத்துக்கும் அரசுக்கும் உள்ள உறவைப் பற்றி நூல் எழுதிய ஓர் ஆய்வாளருக்கு 2005இல் இது நேர்ந்தது. முன்கூட்டிக் குற்றச்சாட்டு சொல்லவில்லை, எதிர்வாதம் கேட்கவில்லை என்பது இப்படி நீக்கப்பட்டவர்களின் முறையீடு. அது நியாயமான முறையீடு என்றே எனக்குப் படுகிறது. இன்னும் சிலர், உள்ளே இருந்துகொண்டே சில கேள்விகளை விடாமல் கேட்பவர்கள். பெண்ணும் ஆணும் சமம் என்று உலகுக்குச் சொல்லும் சமயத்தில் உலக நீதி மன்றத்தின் ஒன்பது இடங்களும் ஆண்களுக்கு மட்டும் என்பது ஏன் என்பது அவற்றில் முதன்மையானது. இதற்கு அவர்கள் தரும் பதில், அது நூலில் உள்ள கட்டளை, அதன் காரணம் பிற்காலத்தில் தெளிவாகும் என்று அப்துல்-பஹா கூறியிருக்கிறார் என்பதே. மற்றச் சபைகள் எல்லாவற்றிலும் பெண்கள் இருக்கிறார்கள் என்பதும், திருக்கரங்கள் இருபத்தேழு பேரில் ஷோகி எஃபெண்டியின் மனைவி ரூஹிய்யா கானும் உட்படப் பல பெண்கள் இருந்தார்கள் என்பதும் உண்மை. கேள்வி கேட்கும் பெண்ணுக்கு இது போதுமா என்பதை அவரே சொல்ல வேண்டும். கேட்டதற்காக அவரைப் பகைவர் வரிசையில் நிறுத்தக் கூடாது.

இந்த நால்வரில் முதல் வகையினருக்கு மட்டுமே, அதுவும் ஹைஃபாவில் உள்ள அவர்களுடைய உலக மையம் முறைப்படி அறிவித்தால் மட்டுமே, 'ஒப்பந்தத்தை மீறியவர்' என்ற சொல் பெரும்பாலும் பொருந்தும். உள்ளே இருந்துகொண்டு தலைமைக்கு எதிராகப் பிளவு உண்டாக்குபவருக்கான பெயர் அது. வெறுமனே விலகியவருக்கும், வேற்றுச் சமயத்து எதிரிக்கும், கடுமையாக எழுதும் பேராசிரியருக்கும் அது பொருந்தாது என்று அவர்கள் சட்டமே சொல்கிறது. அப்படி அறிவிக்கப்பட்டவரோடுதான் நம்பிக்கையாளர்கள் பேச்சு வார்த்தை வைத்துக்கொள்ளக் கூடாது. நீங்கள் அனுப்பிய கட்டுரையை எழுதியவர் தம்மைப் பற்றிச் சொல்லியிருப்பதைப் பார்த்தால், கடிதம் எழுதி விலகிக்கொண்டவர். உங்கள் அத்தை அவருக்குச் சூட்டிய பெயர் அவர்கள் சமயத்தின் கணக்கிலேயே தவறு.

இந்த விலக்கத்தைக் கேட்டதும் நம் பக்கத்துக்காரர்களுக்கு வேறொன்று நினைவுக்கு வரும். ஊர்க் கட்டுப்பாட்டை மீறிய குடும்பத்தைத் தள்ளிவைப்பது இன்றும் நாம் கேள்விப்படும் செய்திதான்: அன்னந்தண்ணி புழங்கக் கூடாது, நல்லது பொல்லாதது எதற்கும் வாசற்படி மிதிக்கக் கூடாது, கடையில் சாமான் கொடுத்தால் கடைக்காரருக்கும் அபராதம். சிறுவயதில் என் தாயாரின் ஊரில் அப்படித் தள்ளிவைக்கப்பட்ட ஒரு வீட்டைப் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டுப் பெரியவர் இறந்தபோது பாடை தூக்க வெளியூர் ஆட்கள் வந்தார்கள். பஹாய் விலக்கம் அதோடு ஒன்றல்ல. நிலமும் நீரும் பிழைப்பும் அதில் பறிபோவதில்லை, பிள்ளைகளின் தலையில் அது தானாக விழுவதும் இல்லை, உலகெங்கும் அப்படி விலக்கப்பட்டவர்கள் மிகச் சிலரே. என்றாலும், அண்ணனோ மகளோ அந்தச் சிலரில் ஒருவராகிவிட்டால் அந்த வீட்டுக்கு எண்ணிக்கையால் ஆறுதல் கிடைக்காது. பிளவைத் தடுக்க இது தேவைப்பட்டது என்று நண்பர் சொல்வார். நூற்றெண்பது ஆண்டுகளில் பெரும்பிளவு இல்லாமல் ஒரு சமயம் நின்றிருக்கிறது என்பது வரலாற்றில் அரிய செய்தி, அதை நானும் ஒப்புக்கொள்கிறேன். அதற்கு அவர்கள் கொடுத்த விலையையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது மட்டும் என் வேண்டுகோள்.

விமர்சகர்கள் தரப்பின் பெரிய பிழை, ஈரானை மறந்துவிட்டுப் பேசுவது. 1979 புரட்சிக்குப் பின் அங்கே இருநூறுக்கும் மேற்பட்ட பஹாய்கள் கொல்லப்பட்டார்கள். 1980 ஆகஸ்டில் தேசிய சபை உறுப்பினர்கள் ஒன்பது பேரும் பிடித்துச் செல்லப்பட்டுக் காணாமற்போனார்கள். அவர்கள் இடத்துக்கு வந்தவர்களில் எட்டுப் பேர் 1981 டிசம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1983 ஜூன் 18ஆம் தேதி ஷிராஸில் பத்துப் பெண்கள் தூக்கிலிடப்பட்டார்கள். அவர்களில் ஒருத்தி, சிறுபிள்ளைகளுக்குச் சமய வகுப்பு நடத்திய பதினேழு வயது மோனா. இன்றுவரை பல்கலைக்கழகக் கதவு அவர்களுக்கு மூடியிருக்கிறது. இந்தக் கொடுமைக்கு மக்களைத் தயார்செய்த பிரசாரமும் விமர்சனம் என்ற சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வந்தது. உலக மையம் இஸ்ரேலில் இருக்கிறது, ஆகவே ஒற்றர்கள் என்பார்கள். பஹாவுல்லாவைக் கைதியாக அங்கே கொண்டு வந்தது உதுமானிய அரசு, 1868இல். இஸ்ரேல் என்ற நாடு உருவானது எண்பது ஆண்டு கழித்து. அப்துல்-பஹாவுக்குப் பிரிட்டன் 1920இல் பட்டம் கொடுத்தது, ஆகவே ஆங்கிலேயர் கையாள் என்பார்கள். பட்டம் கொடுத்தது உண்மை. போர்க்காலப் பஞ்சத்தில் பாலஸ்தீன மக்களுக்குத் தானியம் கொடுத்ததற்காகக் கொடுத்தார்கள். உண்மையான ஒரு செய்தியை எடுத்து, அதிலிருந்து பொய்யான முடிவுக்குத் தாண்டுவது இந்தப் பிரசாரத்தின் வழக்கம். இப்படிப்பட்டவற்றை நாற்பது ஆண்டுகளாகக் கேட்டு, உறவினர்களைப் புதைத்த ஒரு சமூகம், அமெரிக்காவில் உட்கார்ந்து தேர்தல் முறையைக் குறை சொல்பவரையும் அதே குரலாகக் கேட்டுவிடுவதில் வியப்பில்லை. அந்த இரண்டு குரல்களும் வேறு வேறு. ஆனால் அந்த வேறுபாட்டைக் காட்ட வேண்டிய கடமை விமர்சகருக்கும் இருக்கிறது. ஈரானிய அரசின் ஏடுகளிலிருந்து எடுத்த வாசகங்களைத் தம் கட்டுரையில் ஒட்டிக்கொண்டு, என்னை ஏன் சந்தேகிக்கிறீர்கள் என்று அவர் கேட்கக் கூடாது.

எண்ணிக்கைச் சண்டையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். இந்தியாவில் இருபது லட்சம் பஹாய்கள் என்று சொல்லப்படுகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பதிவானவர்கள் 4,572 பேர். ஆகவே பொய் சொல்கிறார்கள் என்பது விமர்சகர் வாதம். நடந்தது இதுதான்: 1960களிலிருந்து மத்தியப் பிரதேசக் கிராமங்களில் ஆயிரக்கணக்கானவர்கள் அட்டையில் கையெழுத்திட்டோ கைநாட்டு வைத்தோ சேர்ந்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் வீட்டுச் சாமியையும் விடவில்லை, கணக்கெடுப்பாளரிடம் மதத்தை மாற்றிச் சொல்லவும் இல்லை. சபையின் ஏட்டில் ஏறிய பெயர் எளிதில் இறங்குவதும் இல்லை. நம் மாவட்டத்து மிஷன் ஏடுகளைப் புரட்டியவர்களுக்கு இது புதிய செய்தியன்று. ஓர் ஊர் முழுவதும் சேர்ந்த கணக்கும், இரண்டு ஆண்டில் பாதி ஊர் திரும்பிப் போன கணக்கும் அங்கே அடுத்தடுத்த பக்கங்களில் கிடக்கும். இருபது லட்சத்தை அப்படியே சொல்வதை பஹாய்கள் நிறுத்திக்கொள்வது அவர்களுக்குத்தான் மரியாதை. தில்லித் தாமரைக் கோவிலைப் பார்த்துவிட்டு வரும் நம் ஊர்க்காரர்கள், 1986இல் அதைக் கட்டியவர்கள் இத்தனை சிறிய கூட்டமா என்று வியந்து மதிப்பார்களே தவிரக் குறைவாக நினைக்கமாட்டார்கள்.

கடைசியாக, அத்தை பயப்படுகிறாரா என்ற கேள்வி. நான் அவரைப் பார்த்ததில்லை, ஆனால் என் நண்பரை எனக்குத் தெரியும். ஒருமுறை இப்படிப்பட்ட கட்டுரை ஒன்றை அச்செடுத்து அவரிடம் கொடுத்தேன். மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "என் மனைவியைப் பற்றி ஊரில் ஒருவன் எழுதி வைத்ததை எனக்குக் கொண்டுவந்து கொடுப்பீர்களா சார்?" என்று கேட்டார். குரலில் பயம் இல்லை. அடிபட்ட குரலாக இருந்தது. அன்று முதல் கட்டுரைகளைக் கொடுப்பதை நிறுத்திவிட்டுக் கேள்விகளைக் கொடுக்கத் தொடங்கினேன். ஒன்றுக்கும் அவர் பதில் சொல்லாமல் இருந்ததில்லை. சிலவற்றுக்கு, "இதில் எனக்கும் மனசு சமாதானம் ஆகவில்லை, விருந்துக் கூட்டத்தில் இரண்டு தடவை எழுப்பியிருக்கிறேன்" என்றும் சொல்லியிருக்கிறார். வெளியில் ஒருபோதும் எழுதமாட்டார்; என்னிடம் சொன்னது அவருக்கு நான் சண்டைக்காரன் இல்லை என்பதால்.

ஆகவே தம்பி, அந்தக் கட்டுரையை அத்தைக்கு மறுபடி அனுப்ப வேண்டாம். அவருக்குப் போன் பண்ணுங்கள், எழுத வேண்டாம். காவலர் ஏன் உயில் எழுதாமல் இறந்தார் என்று உங்கள் சொந்தக் கேள்வியாகக் கேளுங்கள். 1963 அக்டோபரில் மன்றம் எழுதிய கடிதத்தை வாசித்து விளக்கச் சொல்லுங்கள். அறக்கொடைகளைப் பற்றிய அந்த வசனத்தை அவர் காட்டினால், கட்டுரையின் மூன்றாம் பத்தியை அதற்கு எதிரே வைத்து நீங்களே எடை போட்டுப் பாருங்கள். எழுதியவர் முறைப்படி விலகியவர், அறிவிக்கப்பட்டவர் அல்லர் என்பதையும் மெதுவாகச் சொல்லுங்கள். அவர்கள் சட்டப்படி அந்த வேறுபாடு அத்தைக்கே முக்கியமாக இருக்கும். அவர் என்ன சொன்னார் என்பதை எனக்கு எழுதினால், அதில் நூல் வசனம் எது, வழக்கம் எது என்று பிரித்துச் சொல்ல முயல்கிறேன்.